நாடு முழுவதற்குமான வெள்ள அபாய வரைபடத்தைப் புதுப்பிப்பது எப்படி: அமெரிக்க அனுபவம் காட்டும் வழிமுறை

வெள்ள அபாய வரைபடத்தில் வரையப்படும் ஒரு கோடு, ஆற்றங்கரையில் குடியிருக்கும் குடும்பத்தின் வரவுசெலவு வரை வந்து தொடுகிறது. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, அபாயப் பகுதி என்று வரைபடம் காட்டும் இடத்தில் உள்ள வீட்டின் பேரில் கூட்டாட்சி அரசின் கண்காணிப்பில் இயங்கும் வங்கியில் கடன் வாங்க வேண்டுமானால், வெள்ளக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். புதிய வீட்டின் தரைத்தளம் எந்த உயரத்தில் அமைய வேண்டும், ஆற்றின் போக்குப் பாதையில் மண் கொட்டி மேடாக்கலாமா கூடாதா என்பதையும் அதே வரைபடத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். கோடு தவறான இடத்தில் விழுந்தால் சிலர் தேவையில்லாமல் காப்பீட்டுத் தொகை கட்டிக்கொண்டிருப்பார்கள். வேறு சிலர் தமக்கு ஆபத்தே இல்லை என்று நம்பிக் காப்பீடு எடுக்காமல் இருந்து, ஒரே இரவில் வீட்டையும் சேமிப்பையும் இழப்பார்கள்.

இத்தகைய வரைபடங்களைத் தேசிய அளவில் புதுப்பிக்கும் வேலை அமெரிக்காவில் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. அதில் சரியாக நடந்தவையும் தடுமாறியவையும் பொது ஆவணங்களில் விரிவாகப் பதிவாகியுள்ளன. அந்த அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு, இப்பணியை எந்த வரிசையில், எந்தக் கவனத்துடன் செய்ய வேண்டும் என்பதைப் பொறியாளர்கள், நகரமைப்புத் துறையினர், புவித்தகவல் மாணவர்கள் ஆகியோருக்காக இங்கே விளக்குகிறேன்.

கணினிக்கு மாற்றுவதும் புதுப்பிப்பதும் வேறு வேறு வேலைகள்

தொடங்குவதற்கு முன்பே தெளிவாக முடிவு செய்துகொள்ள வேண்டிய விஷயம் இது. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமாவிடம் ஏறத்தாழ 92,000 வெள்ள வரைபடத் தாள்கள் இருந்தன. அவற்றில் சுமார் 70 சதவீதம் பத்தாண்டுகளுக்கு மேல் பழையவை. அதற்கு முன்பே, 1990களில், காகித வரைபடங்களை ஸ்கேன் செய்து, கோடுகளை மட்டும் கணினித் தரவாக மாற்றும் முயற்சி நடந்திருந்தது. பெருக்கிப் பார்க்கவும் வேறு தரவுகளின் மேல் அடுக்கவும் அது பயன்பட்டது. ஆனால் பழைய அளவீட்டில் இருந்த பிழைகள் அப்படியே நீடித்தன; திரையில் கூர்மையாகத் தெரிந்ததால், கோடு துல்லியமானது என்ற தவறான நம்பிக்கையும் கூடுதலாகச் சேர்ந்தது.

2003 முதல் 2008 வரையான நிதியாண்டுகளில், நூறு கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு, வரைபட நவீனமயமாக்கல் திட்டத்தை ஃபீமா நடத்தியது. நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் கணினி வரைபடம் தருவதே முதலில் வைத்த இலக்கு. கோடுகளின் தரம் கேள்விக்குள்ளானதும் இலக்கை நடுவழியில் திருத்தினார்கள்: மக்கள்தொகையில் 92 சதவீதத்துக்கும் நிலப்பரப்பில் 65 சதவீதத்துக்கும் கணினி வரைபடம் கிடைத்தால் போதும், ஆனால் வரைபடமாக்கப்பட்ட ஆற்று மைல்களில் 75 சதவீதத்தில் எல்லைக்கோடு நிலத்தின் உயரத்தோடு பொருந்த வேண்டும், 30 சதவீதத்துக்காவது புதிதாகச் செய்த அல்லது சரிபார்த்த பொறியியல் ஆய்வு இருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். இந்தத் திருத்தம் சரியானது என்பதே என் கருத்து. ஆயினும், 2016ஆம் ஆண்டின் இறுதியில்கூட ஆற்று மைல்களில் 42 சதவீதத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும் பொறியியல் ஆய்வு இருந்ததாக உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தணிக்கை தெரிவித்தது. அதற்கென வைக்கப்பட்டிருந்த இலக்கு 80 சதவீதம். எனவே, உங்கள் திட்டத்தின் இலக்கை எத்தனை தாள்கள் கணினிக்கு மாறின என்ற கணக்கில் எழுதாமல், எத்தனை மைல் ஆற்றுக்கு நம்பத்தக்க ஆய்வு இருக்கிறது என்ற கணக்கில் எழுதுங்கள்.

முதல் வேலை: எது பழையது என்ற பட்டியல்

தாள் வாரியாக அல்லாமல், ஆறு, ஓடை, கடற்கரை வாரியாக ஒரு தரவுத்தளம் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு ஓடைத் துண்டுக்கும் ஆய்வு நடந்த ஆண்டு, பயன்படுத்திய கணக்கீட்டு முறை, அடிப்படையாகக் கொண்ட நில உயரத் தரவு, வெள்ளத்தைக் கணினியில் கணித்த மூல மாதிரிக் கோப்பு இப்போதும் கையில் இருக்கிறதா என்ற விவரம் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். கடைசி விவரத்தைப் பலரும் தவறவிடுகிறார்கள். வரைபடம் இருந்தும் அதைத் தந்த கணக்கீட்டுக் கோப்பு கிடைக்கவில்லையென்றால், அந்தக் கோட்டை எவராலும் திருத்தவோ நியாயப்படுத்தவோ இயலாது.

அதன் பிறகு, ஆய்வு நடந்த காலத்துக்கும் இன்றைக்கும் இடையே என்ன மாறியிருக்கிறது என்று கேட்க வேண்டும். புதிய பாலங்களோ சிறுபாலங்களோ வந்திருக்கின்றனவா, வடிநிலப் பரப்பில், அதாவது ஆற்றுக்கு நீர் வந்து சேரும் நிலத்தில், வயலும் காடும் குடியிருப்பாகவும் வாகன நிறுத்துமிடமாகவும் மாறியிருக்கின்றனவா, பெரிய வெள்ளம் ஏதேனும் வந்து நீரளவுப் பதிவேட்டையே மாற்றியிருக்கிறதா என்று ஒவ்வொரு துண்டுக்கும் விடை எழுதுங்கள். ஃபீமா இப்படியொரு தேசியப் பட்டியலைப் பராமரிக்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி வரைபடங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டிய கடமையும் அதற்கு உண்டு.

முன்னுரிமை தரும்போது, மக்கள்தொகை அதிகம் உள்ள இடங்களே பட்டியலின் மேலே வரும், அதில் தவறில்லை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் வீட்டுமனைகளாக மாறவிருக்கும் நகரப் புறநிலங்களையும் அதே வரிசையில் சேர்க்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். வீடுகள் எழும்பிய பின் வரும் நல்ல வரைபடத்தால் காப்பீடு விற்கத்தான் முடியும். எழும்புவதற்கு முன்பே வந்துவிட்டால் அந்த வீடுகளைப் பாதுகாப்பான இடத்தில் கட்டச் செய்ய முடியும்.

நிலத்தின் உயரம்: பணத்தின் பெரும்பகுதி இங்கே போகட்டும்

சமதளத்தில் வெள்ளத்தின் உயரம் ஓர் அடி கூடினால், நீர் பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான அடி பரவக்கூடும். ஆகவே நிலத்தின் உயரம் எவ்வளவு துல்லியமாகத் தெரியுமோ அவ்வளவுக்குத்தான் வெள்ளத்தின் எல்லையும் துல்லியமாகத் தெரியும். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2007இல் இதை ஆராய்ந்தபோது, நாட்டின் பெரும்பகுதிக்குக் கிடைத்த உயரத் தரவுகள் சராசரியாக 35 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை, வெள்ள வரைபடத்துக்குப் போதாதவை என்று கண்டறிந்து, நாடு முழுவதும் லைடார் அளவீடு செய்யப் பரிந்துரைத்தது. வரைபடத்தின் பின்னணியாக வரும் வான்படம் அழகாக இருந்தது. அதன் கீழே இருக்க வேண்டிய உயரக் கணக்குத்தான் பலவீனமாக இருந்தது.

விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தரையின் உயரத்தைக் கணிப்பதே லைடார் முறை. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் தன் தேசிய உயரத் தரவுத் திட்டத்தில் வைத்துள்ள அடிப்படைத் தரத்தின்படி, ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது இரண்டு புள்ளிகள் வேண்டும். செங்குத்து வழு ஏறத்தாழ 10 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒப்பந்தப் பத்திரத்தில் இந்த அளவுகளை எழுதினால் மட்டும் போதாது. திறந்த வெளியிலும் அடர்ந்த புதருக்குள்ளும் தனித்தனியே சோதனைப் புள்ளிகளை அளந்து, வந்த தரவோடு ஒப்பிட்ட பிறகே பணம் தரப்படும் என்ற நிபந்தனையும் அதில் இடம்பெற வேண்டும். விமானம் பறக்கும் காலமும் முக்கியம்: மரங்கள் இலை உதிர்த்து, ஆற்றில் நீர் குறைந்திருக்கும் பருவத்தில்தான் லேசர் தரையைத் தொடும்.

லைடாருக்குச் சில குருட்டுப் புள்ளிகள் உண்டு. வழக்கமான லைடார் நீருக்குள் ஊடுருவாது. ஆற்றின் படுகை அதில் தெரியாது, நீரின் மேற்பரப்புதான் பதிவாகும். பாலத்தின் மேல்தளத்தைத் தரை என்று எடுத்துக்கொண்டால், கணினியில் உள்ள ஆற்றின் குறுக்கே இல்லாத அணை ஒன்று எழுந்துவிடும். சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலமும் மேலிருந்து கண்ணுக்குப் படாது. ஆகவே, உயர மாதிரி கைக்கு வந்ததும் ஓடைகள் சாலைகளைக் கடக்கும் ஒவ்வோர் இடத்தையும் பார்த்து, நீர் போகும் வழியைத் திறந்துவிடும் வேலையை ஒருவரிடம் பொறுப்பாக ஒப்படைக்க வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் இதை விட்டுவிட்டால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் பிழையாகும்.

உயரங்கள் எந்த அடிமட்டத்திலிருந்து அளக்கப்பட்டவை என்ற கேள்வியும் இந்த இடத்திலேயே தீர வேண்டும். பழைய அமெரிக்க வரைபடங்கள் 1929ஆம் ஆண்டு அடிமட்டத்தைப் பின்பற்றின. புதியவை 1988ஆம் ஆண்டு அடிமட்டத்தைப் பின்பற்றுகின்றன. ஒரே மேட்டுக்குப் புதிய கணக்கில் வரும் எண், ஃப்ளோரிடாவின் பல இடங்களில் ஏறத்தாழ ஓர் அடி குறைந்தும், சியாட்டில் பகுதியில் மூன்றடிக்கு மேல் கூடியும் இருக்கும். இதை அறியாமல் பழைய வெள்ள உயரத்தைப் புதிய நில உயரத்தின் மேல் வைத்தால், கணினி எந்த எச்சரிக்கையும் தராமல் ஊரையே மூழ்கடித்தும் காட்டும், காப்பாற்றியும் காட்டும். ஒவ்வொரு கோப்பின் பெயரிலேயே அடிமட்டத்தைக் குறிப்பிடும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கட்டாயமாக்குங்கள்.

எவ்வளவு நீர் வரும், எந்த உயரத்துக்கு எழும்

வரைபடத்தின் அடிப்படை அலகு, எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம். இதையே நூறாண்டு வெள்ளம் என்று சொல்லிவருவதால், ஒருமுறை வந்துவிட்டால் இனி நூறு ஆண்டுகளுக்கு வராது என்று மக்கள் நினைத்துவிடுகிறார்கள். முப்பது ஆண்டுக் கடன் காலத்தில் அத்தகைய வெள்ளம் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம், அதாவது நான்கில் ஒன்று. வரைபடத்தை விளக்கும் துண்டறிக்கையில் இந்த எண்ணையே முன்னிறுத்துங்கள்.

நீரளவு நிலையம் உள்ள ஆற்றில், ஒவ்வோர் ஆண்டின் உச்ச நீரோட்டத்தையும் எடுத்துப் புள்ளியியல் முறையில் பொருத்தி, 1 சதவீத வாய்ப்புள்ள ஓட்டத்தைக் கணிக்கிறார்கள்; நிலையம் இல்லாத ஓடைகளுக்கு வடிநிலத்தின் பரப்பு முதலியவற்றைக் கொண்ட வட்டாரச் சமன்பாடுகளைப் பயன்படுத்துகிறார்கள், அல்லது மழையளவிலிருந்து தொடங்கி மாதிரி அமைக்கிறார்கள். மழைத் தரவு பழையதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹூஸ்டன் தெளிவான எடுத்துக்காட்டு. அமெரிக்கப் பெருங்கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம் 2018இல் டெக்சாஸுக்கான மழையளவுக் கணிப்புகளைப் புதுப்பித்தபோது, ஹூஸ்டன் பகுதியில் ஒரே நாளில் பெய்ய 1 சதவீத வாய்ப்புள்ள மழை 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக உயர்ந்தது. பழைய மழையளவை வைத்து வரைந்த வரைபடம் எவ்வளவு துல்லியமான லைடாரின் மேல் நின்றாலும் சிறிய வெள்ளத்தையே காட்டும். காலநிலை மாறிவரும்போது கடந்த காலப் பதிவுகளை மட்டும் நம்பிக் கணிப்பது போதுமா என்ற விவாதமும் நடக்கிறது; போதாது என்ற பக்கமே நான் நிற்கிறேன்.

ஓட்டத்தின் அளவு தெரிந்த பின், அது ஆற்றில் எந்த உயரத்துக்கு எழும் என்று கணிக்க, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் பொறியியல் மையம் உருவாக்கிய ஹெக்-ராஸ் என்ற மென்பொருளைப் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். அது இலவசமாகக் கிடைக்கிறது. 2016இல் வந்த பதிப்பிலிருந்து, நீர் பல திசைகளிலும் பரவும் சமவெளிகளை இருபரிமாணத்தில் கணிக்கவும் அதில் வசதி உண்டு.

மென்பொருள் எதுவானாலும் ஒரு பாலத்தருகே களப்பணி எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன்தரும். அளவையாளர் முதலில் பாலத்து உத்தரத்தின் கீழ்விளிம்பு உயரத்தை எடுக்கிறார். வெள்ளம் அந்த உயரத்தைத் தொட்டதும் திறந்த ஆற்றின் ஓட்டம் அடைபட்ட குழாயின் ஓட்டமாக மாறுகிறது. பிறகு மேல்தளத்தின் உயரம், தூண்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் அகலம், கைப்பிடிச் சுவர் கம்பி வேலியா மூடிய சுவரா என்பதைக் குறிக்கிறார். மூடிய சுவரானால் நீர் அதன் மேல் ஏறித்தான் கடக்க வேண்டும். அடுத்து, ஆற்றுக்குள் இறங்கி நான்கு குறுக்குவெட்டுகளை அளக்கிறார்கள்: பாலத்துக்கு மேற்புறம் நீர் ஒடுங்கத் தொடங்கும் இடம், பாலத்தை ஒட்டிய மேற்புறம், ஒட்டிய கீழ்ப்புறம், ஒடுங்கிய நீர் மறுபடி முழுதாக விரிந்துவிடும் இடம். கரையில் புல்லா, புதரா, மரக்காடா என்று பார்த்து, நீரோட்டத்தை அது எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் உராய்வுக் குணகத்தைத் தருகிறார்கள். சுத்தமான நேரான வாய்க்காலுக்கு 0.03 அளவில் இருப்பது, அடர்ந்த புதருக்கு 0.1 வரைகூடப் போகும். அலுவலகத்தில் இருந்தபடியே ஊகித்து எழுதிய குணகம், வெள்ள உயரத்தையே கணிசமாக மாற்றிவிடும். புகைப்படம் எடுத்து மாதிரிக் கோப்போடு சேர்த்து வைத்தால், பிற்காலத்தில் எவரும் அந்த முடிவைச் சரிபார்க்கலாம்.

எல்லா ஓடைகளிலும் இந்த அளவு உழைக்கப் பணம் கிடைக்காது. அதனால், லைடாரையும் தானியங்கிக் கணக்கீட்டையும் கொண்டு முழு வடிநிலத்துக்கும் எளிய ஆய்வை முதலில் செய்து, பாலங்களும் வீடுகளும் நெருங்கிய இடங்களில் மட்டும் விரிவான களஅளவீட்டைச் சேர்க்கும் முறை இப்போது பரவலாகியுள்ளது. எளிய ஆய்வு எங்கே, விரிவான ஆய்வு எங்கே என்பது வரைபடத்தைப் பார்ப்பவருக்கும் தெரிய வேண்டும்.

கோடு வரைதல், தரவுத்தளம், வெளியீடு

கணித்த நீர்மட்டப் பரப்பை நில உயர மாதிரியின் மேல் வைத்து, இரண்டும் வெட்டும் இடத்தில் எல்லைக்கோடு வரைகிறார்கள். வரைந்த கோட்டையும் சோதிக்க வேண்டும். மிக அதிக ஆபத்துள்ள பகுதிகளில், கோட்டின் மேல் எடுத்த புள்ளிகளில் 95 சதவீதத்திலாவது நிலத்தின் உயரமும் வெள்ளத்தின் உயரமும் ஓர் அடி வேறுபாட்டுக்குள் பொருந்த வேண்டும் என்று ஃபீமா ஒரு தரம் வைத்தது. இதைக் கணினியே சோதித்துச் சொல்லும் என்பதால், சோதிக்காமல் விடுவதற்குச் சாக்கு ஏதும் இல்லை.

வெளியீட்டில், தாள் என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். 2009ஆம் ஆண்டு அக்டோபர் முதல் ஃபீமா காகித வரைபட விநியோகத்தை நிறுத்தி, ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் ஒரு பிரதி மட்டும் காகிதத்தில் தந்து, மற்ற எல்லாவற்றையும் கணினி வழியாக வழங்கத் தொடங்கியது. நடைமுறையில் உள்ள வரைபடங்கள் எல்லாம் தேசிய வெள்ள அபாய அடுக்கு என்ற ஒரே தரவுத்தளத்தில் சேர்கின்றன. ஹூஸ்டனிலோ சார்லட்டிலோ வீடு வாங்கப் போகும் தமிழ்க் குடும்பம் ஒன்று, ஃபீமாவின் வரைபடச் சேவை மையத்தின் இணையதளத்தில் முகவரியை இட்டால், தம் மனை எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று இலவசமாகப் பார்த்து அச்செடுத்துக்கொள்ளலாம். ‘ஏ’ அல்லது ‘வி’ என்று தொடங்கும் மண்டலங்கள் 1 சதவீத வெள்ளத்துக்கு உட்பட்டவை. ‘ஏஇ’ மண்டலத்தில் வெள்ள உயரம் எண்ணாகவே தரப்பட்டிருக்கும். தனி ‘ஏ’ என்றால் விரிவான ஆய்வு நடக்கவில்லை, உயரம் தரப்படவில்லை என்று பொருள். ‘எக்ஸ்’ என்று வந்தால் ஆபத்து குறைவு என்றுதான் கொள்ள வேண்டும், ஆபத்தே இல்லை என்று கொள்ளக் கூடாது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், 2017இல் ஹார்வி புயல் வந்தபோது ஹூஸ்டனை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் உள்ள நிர்வாகப் பகுதி) சுமார் 1,54,000 வீடுகளில் வெள்ளம் புகுந்ததாக அந்தக் கவுண்டியின் வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டம் என்ற அமைப்பு கணித்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல், 1 சதவீத வெள்ளப் பகுதிக்கு வெளியே இருந்தவை. ஆறும் கடலும் பெருகுவதையே காட்டும் வரைபடம், வடிகால் நிரம்பித் தெருவில் தேங்கும் மழைநீரைப் பெரும்பாலும் காட்டுவதில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம். எனவே, உள்ளே அல்லது வெளியே என்று பிரிக்கும் ஒற்றைக் கோட்டோடு நிறுத்தாமல், ஒவ்வோர் இடத்திலும் நீர் எத்தனை அடி நிற்கும் என்ற ஆழத் தரவையும், 0.2 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தின் எல்லையையும், பழைய வரைபடத்துக்கும் புதியதுக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்து வெளியிடுங்கள். நவீனமயமாக்கலை அடுத்து ஃபீமா தொடங்கிய ரிஸ்க் மேப் திட்டம் இத்தகைய கூடுதல் தரவுகளைத் தருகிறது.

கரை கட்டிக் காக்கப்படும் ஊர்களுக்குத் தனிக் குறிப்பு வேண்டும். வட கரோலினாவின் பிரின்ஸ்வில், விடுதலை பெற்ற அடிமைகள் உருவாக்கிய ஊர். டார் ஆற்றங்கரையில் அதற்குக் கரை இருந்தும் 1999இல் ஃப்ளாய்ட் புயலின்போது ஊரே மூழ்கியது, 2016இல் மேத்யூ புயலிலும் மீண்டும் வெள்ளம் வந்தது. ஆற்றுக் கரை 1 சதவீத வெள்ளத்தைவிடக் குறைந்தது மூன்றடி உயர்ந்திருக்க வேண்டும், பராமரிப்புக்குச் சான்று வேண்டும் என்பவை அமெரிக்க விதிகள். சான்று இல்லாத கரையை, அது நீரைத் தடுக்கும் என்று வைத்துக்கொண்டு வரைபடம் தயாரிக்கக் கூடாது.

கூட்டாளிகள் இல்லாமல் இந்த வேலை நடக்காது

தலைநகரில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு, ஒரு கவுண்டியின் ஓடையில் போன ஆண்டு எந்தச் சிறுபாலத்தை மாற்றினார்கள் என்பது தெரியாது; கவுண்டிப் பொறியாளருக்குத் தெரியும். இந்த உண்மையை ஏற்று, 1999இல் ஃபீமா தொழில்நுட்பக் கூட்டாளிகள் திட்டத்தைத் தொடங்கியது. மாநிலமோ, கவுண்டியோ, வட்டார நீர் அமைப்போ ஒரு பொது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஒவ்வொரு வரைபட வேலைக்கும் தனித்தனிப் பணி அறிக்கை எழுதிக்கொண்டு, கூட்டாட்சி நிதியோடு தன் நிதியையும் உழைப்பையும் சேர்த்து வரைபடத்தைத் தானே தயாரிக்கலாம்.

இதில் வட கரோலினா முன்னோடி. ஃப்ளாய்ட் புயலில் பழைய வரைபடங்களின் குறை வெளிப்பட்டதும், அந்த மாநிலம் 2000ஆம் ஆண்டில் தனக்கென ஒரு வெள்ளச் சமவெளி வரைபடத் திட்டத்தைத் தொடங்கி, ஃபீமாவோடு மாநில அளவில் கூட்டுச் சேர்ந்த முதல் மாநிலமாயிற்று; மாநிலம் முழுவதற்கும் லைடார் எடுத்து, கவுண்டி எல்லைகளைப் பார்க்காமல் ஆற்று வடிநிலங்களின் வரிசையில் வேலை செய்தது. ஆறு நிர்வாக எல்லையில் நிற்பதில்லை. இந்த வரிசையைப் பின்பற்றினால், இரு கவுண்டிகளின் எல்லையில் ஒரே ஆற்றுக்கு இரண்டு வெவ்வேறு வெள்ள உயரங்கள் வரும் அபத்தம் தவிர்க்கப்படும். ஹாரிஸ் கவுண்டியில், 2001 ஜூனில் வந்த அலிசன் புயல் சுமார் 73,000 வீடுகளை நனைத்த பிறகு, வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டமும் ஃபீமாவும் சேர்ந்து முழுக் கவுண்டியையும் லைடார் கொண்டு மறுபடி வரைந்தன; அந்த வரைபடங்கள் நடைமுறைக்கு வந்தது 2007 ஜூனில். நல்ல கூட்டு, போதிய பணம், மக்களின் ஆதரவு எல்லாம் இருந்தும் ஆறு ஆண்டுகள் ஆயின என்பதைத் திட்ட அட்டவணை போடுகிறவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். சார்லட் நகரை உள்ளடக்கிய மெக்லன்பர்க் கவுண்டி இன்னும் ஒரு படி மேலே போய், இன்றைய நிலப்பயன்பாட்டோடு நிறுத்தாமல், மேற்புற நிலங்கள் முழுதும் கட்டடமான பிறகு வரக்கூடிய வெள்ளத்தின் எல்லையையும் வரைந்து, கட்டட அனுமதியில் பயன்படுத்துகிறது.

கூட்டு ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை பல இருந்தாலும், நான் மிக முக்கியமாகக் கருதுபவை: மூலத் தரவும் மாதிரிக் கோப்புகளும் யாருக்குச் சொந்தம், பொதுமக்கள் அவற்றை இலவசமாகப் பெறலாமா, வேலை செய்யும் தனியார் பொறியியல் நிறுவனத்தின் கணக்கைச் சரிபார்க்கப் போகும் வேறொரு குழு எது, திட்டம் முடிந்த ஐந்தாம் ஆண்டில் ஒரு குடிமகன் கேள்வி கேட்டால் எந்த அலுவலகம் பதில் சொல்லும். கடைசிக் கேள்விக்கு ஒப்பந்தம் பதில் சொல்லாவிட்டால், நிதி தீர்ந்த மறுநாளே வரைபடம் அநாதையாகிவிடும். லைடார் செலவைப் பகிர, சாலை, வேளாண்மை, வனத்துறைகளையும் தொடக்கத்திலேயே அழைத்துப் பேசுங்கள். அதே உயரத் தரவு அவர்களுக்கும் தேவைப்படுவதால், பங்குத்தொகை கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மக்களிடம் கொண்டுபோதலும் ஆட்சேபணையும்

முதற்கட்ட வரைபடம் வெளியானதும் ஊர்க்கூட்டம் நடத்தி, ஒவ்வொருவரும் தம் வீட்டைத் திரையில் தேடிப் பார்க்க வசதி செய்ய வேண்டும். அமெரிக்க நடைமுறையில், உள்ளூர்ச் செய்தித்தாளில் அறிவிப்பு இரண்டாவது முறையாக வந்த நாளிலிருந்து 90 நாட்கள் ஆட்சேபணைக் காலம். பிடிக்கவில்லை என்று சொன்னால் அது ஆட்சேபணை ஆகாது. தரவோ கணக்கோ தவறு என்பதற்குத் தொழில்நுட்பச் சான்று தர வேண்டும். ஆட்சேபணைகள் தீர்ந்து இறுதி முடிவு அறிவித்த பின், உள்ளாட்சிகள் தம் விதிகளை மாற்ற ஆறு மாதங்கள் கிடைக்கின்றன.

ஆட்சேபணையைத் தொல்லையாகப் பார்க்கும் மனநிலையை அதிகாரிகள் விட வேண்டும். 2012இல் சாண்டி புயல் தாக்கிய பின், நியூயார்க் நகருக்கு ஃபீமா புதிய முதற்கட்ட வரைபடங்களை 2015இல் தந்தது. புயல்கால அலையேற்றக் கணக்கில் பிழை இருப்பதாகவும், பல இடங்களில் வெள்ள உயரம் இரண்டடிக்கு மேல் மிகையாக வந்திருப்பதாகவும் நகராட்சி தன் சொந்த ஆய்வோடு முறையிட்டது. 2016இல் ஃபீமா அதை ஏற்று, வரைபடத்தை மறுபடி செய்ய ஒப்புக்கொண்டது. புதிய வரைபடம் வரும் வரை காத்திருக்காமல், கட்டட விதிகளுக்கு 2015ஆம் ஆண்டின் முதற்கட்ட வரைபடத்தையும் காப்பீட்டுக்கு 2007ஆம் ஆண்டின் வரைபடத்தையும் நகரம் பயன்படுத்துகிறது. புதிய கட்டடங்கள் கூடுதல் பாதுகாப்போடு எழ, இன்றைய குடியிருப்பாளர் தலையில் உறுதியாகாத எண்ணின் சுமை விழாமல் இருக்க, இது நியாயமான ஏற்பாடு.

தனி வீட்டுக்காரருக்கும் வழி இருக்க வேண்டும். பெரும் பரப்பைக் காட்டும் வரைபடத்தில் சிறு மேடுகள் தவறிப்போவது இயல்பு. உரிமம் பெற்ற அளவையாளரைக் கொண்டு, வீட்டை ஒட்டிய தரையின் மிகத் தாழ்ந்த புள்ளியை அளந்து, அது அடிப்படை வெள்ள உயரத்தின் (1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் எழும் உயரத்தின்) அளவிலோ அதற்கு மேலோ இருப்பதாகக் காட்டினால், அந்தக் கட்டடத்தை அபாயப் பகுதியிலிருந்து விலக்கிக் கடிதம் தரும் முறை அங்கே உண்டு. விலக்குக் கடிதம் பெற்றவரிடமும், விலக்கு கிடைத்தது கட்டாயக் காப்பீட்டிலிருந்துதான், வெள்ளத்திலிருந்து அல்ல என்பதை அதே கடிதத்தில் சொல்லிவிடுவது நேர்மை.

தொடர்ந்து பராமரித்தல்

வரைபடம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே அது பழையதாகத் தொடங்குகிறது. அமெரிக்க விதிகளின்படி, வெள்ள உயரத்தை மாற்றக்கூடிய கட்டுமானமோ நிலமாற்றமோ நடந்தால், அதன் தொழில்நுட்பத் தரவை ஆறு மாதங்களுக்குள் உள்ளாட்சி ஃபீமாவுக்கு அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்ட திருத்தம் தேசிய அடுக்கில் சேர்கிறது. இது ஒழுங்காக நடக்க, பாலம் கட்டும் ஒப்பந்தத்திலேயே கட்டி முடித்த நிலையின் அளவுகளையும் திருத்திய மாதிரிக் கோப்பையும் ஒப்படைப்பதை இறுதித் தவணைக்கான நிபந்தனையாக்குங்கள். பெரிய வெள்ளம் வடிந்ததும், சுவர்களில் படிந்த நீர்க்கோட்டின் உயரங்களை, மழை கழுவிப்போவதற்கு முன் அளந்து இடக்குறியோடு தரவுத்தளத்தில் சேர்க்க ஒரு குழுவை முன்கூட்டியே நியமித்து வையுங்கள். அடுத்த ஆய்வின்போது மாதிரி சரியாகச் சொல்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவையே நம்பத்தகுந்த அளவுகோலாக இருக்கும்.